“தமிழனுக்கு வியாபாரம் வராது” என்பார்க்கு

நம்மவர் கூடுகின்ற இடமெல்லாம் ஒரு வசனம் அடிக்கடி செவியில் விழுகின்றது. கலியாணப் பந்தலிலும், கோயில் நிருவாகக் கூட்டத்திலும், தேர்தல் மேடையிலும், ஒட்டுக்கடைப் பலகையிலும் அதனைக் கேட்கலாம். “தமிழனுக்கு வியாபாரம் வராது” என்பதே அவ்வசனம். சொல்லுகிறவர் பெரும்பாலும் பட்டணத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர். கேட்டுத் தலையசைக்கிறவர் தோட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். சொன்னவருக்குத் தாம் ஏதோ பெரிய உண்மையைக் கண்டு சொல்லிவிட்டதாக ஒரு திருப்தி. கேட்டவருக்கோ, தம் தகப்பனும் பாட்டனும் ஏழைகளாகவே மாண்டதற்குக் காரணம் தம் இரத்தத்திலேயே ஊறிக் கிடக்கின்றது என்னும் ஓர் இழிவுணர்ச்சி. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்தப் பேச்சு பொய் என்பதும், பொய் மாத்திரமன்று, சிலருக்கு மிக வசதியான பொய் என்பதும் நமது அபிப்பிராயம்.

வியாபாரம் இரத்தத்தில் ஓடுவதாயின், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி வைத்துக்கொண்டு, மூவாரிலும் பிற பட்டணங்களிலும் கடை விரித்து, சீனருக்கும் மலாய்க்காரருக்கும் வெள்ளைத் துரைகளுக்கும் பணம் கொடுத்து வாங்கிய நாட்டுக்கோட்டைச் செட்டிமார் பேசிய மொழி யாது? அவர்கள் உடம்பில் ஓடியது வேறு நாட்டு இரத்தமோ? நாணயமாற்றுக் கடையும் மளிகைக் கடையும் உணவுக் கடையும் நடத்திப் பேரெடுத்த தமிழ் முஸ்லிம்கள் தமிழரல்லரோ? ஒரே மொழி பேசும் மக்களுள் ஒரு பகுதியார் வணிகத்தில் தலை நிமிர்ந்தும், மற்றொரு பகுதியார் நான்கு தலைமுறையாகப் பால்மரத்தின் அடியிலேயே குனிந்தும் நின்றார்களென்றால், காரணத்தை இரத்தத்தில் தேடுவது வீண். அவரவர் எந்த ஏற்பாட்டுக்குள் பிறந்தார், யாரோடு எந்த உறவில் கட்டுப்பட்டிருந்தார், கையில் என்ன காகிதம் இருந்தது என்று தேட வேண்டும்.

இதனை ஆராய்வதற்கு ஜொகூரைக் காட்டிலும் தக்க இடம் மலேசியாவில் இல்லை. இம்மண்ணில் வெவ்வேறு ஏற்பாடுகள் அடுத்தடுத்தும் பக்கத்துப் பக்கத்திலும் நடந்தன. அவை ஒவ்வொன்றும் தன்னுள் அகப்பட்ட மனிதரை என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

“சீனரைப் பார்” என்று நம்மவருக்கு உபதேசிப்போர் பலர். நன்று, சீனரையே முதலில் பார்ப்போம். 1844-ஆம் ஆண்டு தொடங்கி, தெமெங்கோங் இப்ராஹிம் ஜொகூரின் ஆற்றுக் கரைகளைத் திறக்கச் சீனத் தலைவர்களுக்குச் ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுச் சீட்டுகளை வழங்கினார். சீட்டைப் பெற்றவன் கங்சு, அதாவது ஆற்றுத் தலைவன். அவன் குடியேற்றம் கங்கார். (கங்கார் பூலாய் என்று நாம் இன்றும் சொல்லும் ஊர்ப்பெயரும், சிங்கப்பூரில் லிம் சூ காங், சுவா சூ காங் என்று வழங்கும் பெயர்களும் அந்தக் காலத்து எச்சங்களே.) காட்டை வெட்டி மிளகும், தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்ட கம்பிரும் பயிரிட்டார்கள். 1873-ல் கங்சுகளுக்கென்று தனிச் சட்டமே எழுதப்பட்டது. 1917-ல்தான் இந்த முறை ஒழிக்கப்பட்டது.

அந்தக் கங்காரில் மண்வெட்டி பிடித்த சீனக் கூலி நம் பாட்டனைக் காட்டிலும் மேலான நிலையில் இருந்தான் என்று யாரும் மயங்க வேண்டா. கப்பற்கூலியைக் கடனாகச் சுமந்து வந்தான். அபினும் சாராயமும் சூதாட்டமும் அடகுக்கடையும் கங்சுவின் ஏகபோகம். கூலியாகக் கொடுத்த காசை அவ்வழியே கங்சு திரும்ப வாங்கிக் கொண்டான். பசியிலும் காய்ச்சலிலும் புலிவாயிலும் மடிந்தவர் ஏராளம். ஆகவே சீனர் எல்லாரும் பிறவி வியாபாரிகள் என்பதும் மேலே சொன்ன பொய்யின் மறுபக்கமே.

வேறுபாடு எங்கே இருந்தது? காகிதத்தில் இருந்தது. ஆற்றுச் சீட்டு கைமாறக் கூடியது. பங்கு பங்காகப் பிரிக்கக் கூடியது. ஈடாக வைக்கக் கூடியது. அந்தச் சீட்டை நம்பிச் சிங்கப்பூர்த் தவுக்கே அரிசியும் முன்பணமும் அனுப்பினான். விளைச்சல் அவனிடமே திரும்பியது. கங்சுவுக்கும் தவுக்கேக்கும் ஒரே வட்டாரமொழி, ஒரே சங்கம். ஏமாற்றிவிட்டு ஓடினால் மறுபடி எந்த ஆற்றிலும் கால் வைக்க முடியாது. இவ்வாறு காட்டின் உள்ளிருந்து துறைமுகம் வரைக்கும் கடன் ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது. அவ்வாய்க்காலின் கரையில் நின்றவருள் ஆயிரத்தில் ஒருவராவது கூலியிலிருந்து பங்காளியாகவும், பங்காளியிலிருந்து கடைக்காரனாகவும் ஏற வழியிருந்தது. தச்சராக வந்த வோங் ஆ ஃபூக் அரண்மனை கட்டும் ஒப்பந்தக்காரரானதும், ஜொகூர் பாருவின் பெருந்தெருவொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குவதும் அத்தகைய ஓர் ஏற்றத்தின் கதை.

நிற்க. கம்பிர் தேய்ந்தது, ரப்பர் தழைத்தது. 1909-ல் ஜொகூர் பாரு வரைக்கும் இரயில் ஓடத் தொடங்கிற்று. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய், உலு திராம் என்று தோட்டங்கள் பரவின. நம் மக்கள் கங்காணியின் பின்னே வந்திறங்கினார்கள். இங்கேதான் நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கங்காணியும் கங்சுவும் ஆள் கொண்டுவரும் தலைவர்களே. ஆனால் கங்சுவுக்குக் கிடைத்தது ஆறு; கங்காணிக்குக் கிடைத்தது தலைக்காசு. தன்னுடைய ஆட்களில் எத்தனை பேர் அன்று பிரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் இத்தனை காசு என்று அவனுக்குக் கணக்கு. ஆகையால் தன் ஆள் வளர்வதில் கங்காணிக்கு ஆதாயமில்லை; தன் ஆள் இடம்விட்டு நகராமல் இருப்பதில்தான் ஆதாயம். ஒருவன் நாலு காசு சேர்த்துக்கொண்டு பட்டணத்தில் கடை வைக்கப் போனால், கங்காணிக்குத் தலைக்காசு குறையும். எந்த உறவில் ஒருவன் உயர்வு மற்றவனுக்கு நட்டமாகின்றதோ, அந்த உறவில் வியாபாரம் முளைக்காது.

கங்காணி முறை போனபின்னும் அதன் எலும்புக்கூடு போகவில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போம். பள்ளிக்கூடம் தோட்டத்தது, ஆஸ்பத்திரி தோட்டத்தது, ஆயாக்கொட்டகை தோட்டத்தது, கள்ளுக்கடையும் தோட்டத்தது. கடையில் பற்று, சம்பள நாளில் கழிவு. பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு பொருளின் கொள்முதல் விலை யாது, விற்பனை விலை யாது என்று அறிய வேண்டிய அவசியமே அந்த மனிதனுக்கு நேரவில்லை. துரையும் கிராணியும் மண்டோரும் சொன்னதைச் செய்வது ஒன்றே அவன் கற்ற வித்தை. மீதமான காசு மனைவியின் காதிலும் கழுத்திலும் ஏறிற்று. முடை வந்தபோது அடகுக்கடைக்கு இறங்கிற்று. அதுவே அவனுடைய வங்கி. இத்தனையும் செய்து வைத்துவிட்டு, “அவனுக்கு வியாபார புத்தி இல்லை” என்பது, காலைக் கட்டிப் போட்டுவிட்டு ஓடத் தெரியவில்லையே என்று பழிப்பது போலாகும்.

பிறகும் சந்தர்ப்பங்கள் வந்தன. வந்தவை நம்மவர் வாசலைத் தாண்டியே சென்றன. 1948-ல் அவசரகாலம் பிறந்தது. காட்டோரச் சீனக் குடிகளைப் பெயர்த்துப் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட கொடுமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வேலி போனபின் அங்கே மனையும் கடைத்தெருவும் மிஞ்சின. தோட்டத்துத் தமிழரையும் அப்போது ஒன்றாய்க் கூட்டி அமர்த்தினார்கள். ஆனால் தோட்ட நிலத்துக்குள்ளேயே. வேலி போனபோது நிலம் கம்பெனியிடமே நின்றது. 1956-ல் ஃபெல்டா அமைந்தது. நிலமற்ற மலாய்க் குடும்பங்களுக்கு ரப்பரும் செம்பனையும் நட்ட நிலமும் வீடும் கடனும் கொடுத்து, காலக்கிரமத்தில் உரிமைப் பத்திரமும் கிடைக்க வழி செய்தது. அதிலும் கடன் பாரம் உண்டு, குறைகள் உண்டு. ஆனால் பத்திரம் என்றொன்று இருந்தது. கூலாய்ப் பக்கம் ஒரு முறை போய்ப் பாருங்கள். தாயிப் அண்டாக் குடியேற்றம் ஒருபுறம்; கெலாப்பா சாவிட், சாலெங் புதுக்கிராமங்கள் ஒருபுறம்; சுற்றிலும் தோட்டங்கள். அதே மழை, அதே செம்மண். மூன்றிடத்தாரில் இரண்டிடத்தாருக்கு மண்ணின்மேல் ஏதோ ஒரு வகைச் சீட்டு. மூன்றாமிடத்தாருக்கு மாதச் சம்பளச் சீட்டு மாத்திரம்.

பின்னர்ப் பாசிர் கூடாங் துறைமுகம் வந்தது. 2006-ல் இஸ்கந்தர் வட்டாரத் திட்டம் வந்தது. தோட்ட நிலமெல்லாம் வீட்டுமனையும் தொழிற்சாலையுமாய் மாறி விலை ஏறிற்று. ஏறிய விலை கிராண்டு வைத்திருந்தவரைச் சேர்ந்தது. மூன்று தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்தவர் ஒரு நட்டஈட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு மலிவு விலை அடுக்குமாடியைத் தேடிப் போனார். வங்கிக்குப் போய்த் தொழிலுக்குக் கடன் கேட்டால், “ஈடு என்ன?” என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அவனிடம் இருந்ததெல்லாம் தோட்டத்து ஞாபகமே.

“நம் செட்டிமார் இருந்தார்களே, அவர்கள் கைதூக்கி விட்டிருக்கலாமே” என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமே, விடை இனிமையானதன்று. செட்டிமாரின் தொழில் ஒழுங்கு வியக்கத்தக்கது. பெட்டியடிப் பையனாய்ச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பின்னர் முதலாளின் பொறுப்பை ஏற்று, மூன்றாண்டுத் தவணைக்குக் கடல் கடந்த ஊரில் கடை நடத்துவான். நடப்பு வட்டியை அவர்கள் கூடி நிர்ணயித்தார்கள். சிங்கப்பூர்த் தேங்க் ரோட்டில் 1859-ல் எழுந்த தண்டாயுதபாணி கோயில் வழிபாட்டிடமாய் இருந்ததோடு, தொழிற்கூட்டத்தின் நடுவிடமாகவும் இருந்தது. கணக்கேட்டில் ஒரு காசு தவறினாலும் குலத்துக்குள் தலைகாட்ட முடியாது. இவ்வளவு அருமையான கல்லூரி தமிழருள் வேறொன்று இருந்ததில்லை. ஆனால் அக்கல்லூரியில் சேரத் தகுதி பிறப்பு. வெளியாருக்குக் கடன் உண்டு. பயிற்சியும் பங்கும் இல்லை. கடனும் கிராண்டு உள்ளவனுக்கே. பால்வெட்டும் தமிழனிடம் கிராண்டு ஏது? ஆகவே ஒரே மொழி பேசி, ஒரே முருகனைக் கும்பிட்டு, ஒரே நாட்டில் வாழ்ந்தும், செட்டியாரின் மூலதனமும் தோட்டத் தமிழனின் உழைப்பும் ஒருபோதும் கைகோக்கவில்லை. 1937-ல் இந்தியன் ஓவர்ஸீஸ் வங்கியைத் தோற்றுவித்தபோது அவ்வினத்தாரே குலக்கட்டை விட்டுப் பொதுவங்கி முறைக்கு வந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

இவ்விடத்தில் நம் எதிரிகள் எழுந்து ஒரு வாதத்தை முன்வைப்பார்கள். இப்போது ஊருக்கு ஊர் தலைதூக்கும் ஜாதிச் சங்கங்களின் மேடையில் கேட்கும் வாதம் அது. “பார்த்தீர்களா? செட்டியார் வென்றது ஜாதியால். நாடார் வென்றதும் ஜாதியால். சீனன் வென்றது தன் வட்டாரக் கூட்டத்தால். ஜாதியை ஒழி என்று நீங்கள் கத்திக் கத்தித்தான் தமிழன் கூட்டின்றி அலைகிறான். எனவே ஜாதிச் சங்கம் வையுங்கள், தொழில் தானே வளரும்” என்கிறார்கள். சீர்திருத்தக்காரர்களில் சிலர் இந்த வாதத்தைக் கேட்டவுடன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். கோபம் விடையாகாது. அவர்கள் காட்டும் செய்தி உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை.

நாடார்களையே எடுத்துக்கொள்வோம். கோயிலுக்குள் நுழையக் கூடாதென்று தடுக்கப்பட்டு, கமுதிக் கோயில் வழக்கில் இங்கிலாந்துப் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் தோற்ற மக்கள் அவர்கள். விருதுநகரிலும் சிவகாசியிலும் அருப்புக்கோட்டையிலும் அவர்கள் செய்தது என்ன? விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று ‘மகமை’ எடுத்து வைத்தார்கள். அது நன்கொடையன்று, கட்டாயம். உறவின்முறை அதற்குக் கணக்கு வைத்தது, கேட்டவருக்குக் காட்டியது. அப்பணத்தில் பள்ளிக்கூடம் எழுந்தது. 1910-ல் மகாஜன சங்கம். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி. அவ்வங்கியே 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதிலே வேலை செய்தது எது? கட்டாயச் சேமிப்பு, வெளிப்படையான கணக்கு, ஏய்ப்பவனுக்குத் தண்டனை, பிள்ளைகளுக்குக் கல்வி. இந்த நான்கினுள் எதற்கு ஒரு குறிப்பிட்ட தாய் வயிற்றில் பிறக்க வேண்டும்? ஜாதி அங்கே ஒரு பாத்திரமாக இருந்தது, அவ்வளவே. பாத்திரத்தைக் கும்பிட்டுவிட்டுப் பாலைக் கொட்டிவிடும்படி நம் ஜாதிச் சங்கத்தார் சொல்லுகிறார்கள். அவர்கள் மேடையில் மாலையும் பட்டமும் காண்கிறோம். மகமையைக் காணோம், கணக்கேட்டைக் காணோம்.

சீனரும் வட்டாரக் கூட்டத்தோடு நின்றுவிடவில்லை. ஜொகூர் பாருவின் பழைய சீனக் கோயிலில் தியோச்சியூ, ஹொக்கியன், கண்டனீஸ், ஹக்கா, ஹைனான் என்னும் ஐந்து கூட்டத்தாரின் ஐந்து தெய்வங்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத அந்த ஐந்து கூட்டத்தாரும் சேர்ந்து 1913-ல் ஃபூன் யூ பள்ளியை எழுப்பினார்கள். அதே 1913-ல் இன்னொன்றும் நடந்தது. கண்டனீஸ் வணிகர் தம்மவரை நம்பி 1903-ல் சிங்கப்பூரில் தொடங்கிய குவோங் யிக் வங்கி அவ்வாண்டில் இடிந்து விழுந்தது. வோங் ஆ ஃபூக்கும் அவ்வங்கியில் சம்பந்தப்பட்டவரே. கூட்டத்தை விரித்துக் கட்டிய பள்ளி நூறாண்டு கடந்து நிற்கிறது. கூட்டத்தார் என்ற நம்பிக்கையின்மேல் கட்டிய வங்கி பத்தாண்டில் போயிற்று. நம் ஜாதிச் சங்கத்தார் இந்த இரண்டு காட்சியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பாராக.

ஜாதியால் வணிகம் வளரும் என்போர் அதே ஜாதியால் அழிந்த வணிகத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. முடிதிருத்தும் தொழிலைப் பாருங்கள். ஜொகூரின் பட்டணங்களில் ஏறக்குறைய முழுமையும் தமிழர் கையில் இருந்த தொழில் அது. மூலதனம் சிறிது, கைத்திறம் பெரிது, வாடிக்கையாளரோ எல்லா இனத்தாரும். இதைவிட நல்ல தொடக்கம் ஒரு சமூகத்துக்கு வாய்க்குமோ? நாம் அதற்கு என்ன மரியாதை செய்தோம்? ஒரு பெயரைச் சொல்லி இழித்தோம். பெண் கொடுக்க மறுத்தோம். அத்தொழிலாளியின் மகனே கத்தரியைத் தொட வெட்கப்பட்டு, தொழிற்சாலைக் காவலாளியாகப் போகும்படி செய்தோம். முடிவு? 2023-ஆம் ஆண்டில் முடிதிருத்தகம், நகைத்தொழில், துணிக்கடை ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டார் 7,500 பேரை அமர்த்திக்கொள்ள அரசாங்கத்திடம் இசைவு வாங்க வேண்டியதாயிற்று. நம் கைக்குள் இருந்த மூன்று தொழில்களுக்கு நம் பிள்ளைகள் கிடைக்கவில்லை! சம்பளம் குறைவு, வேலைநேரம் நீளம் என்பனவும் காரணங்களே. ஆனால் பட்டணத்துப் பெருங்கடையில் ‘சலூன்’ என்று பலகை மாட்டி அதே கத்தரியைப் பிடிக்கும் பிறருக்கு அந்த வெட்கம் இல்லை. அவர்களுக்கு ஜாதிப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார் இல்லை.

இனி, ஜாதியின்றித் தமிழர் ஒருவரையொருவர் நம்புவார்களா என்ற ஐயத்துக்கு வருவோம். நம்புகிறார்கள் என்பதற்கு இந்நாட்டுச் சட்டப் புத்தகமே சாட்சி. நம் பெண்மக்கள் தோட்டத்திலும் அடுக்குமாடியிலும் கட்டிவரும் ‘கூட்டு’ உலகறிந்தது. பன்னிரண்டு பேர் மாதம் 200 வெள்ளி போட்டால், மாதம் ஒருவர் கைக்கு 2,400 வெள்ளி வரும். பத்திரமில்லை, ஈடில்லை, வங்கியில்லை. ஒரு தையல் இயந்திரம், ஓர் இட்டலிக் கடையின் அடுப்பும் பாத்திரமும், ஒரு பழைய வேன் – இவையெல்லாம் கூட்டுப் பணத்தில் வந்தவை. சேர்ந்தவர்களின் ஜாதியை யாரும் கேட்பதில்லை. அடுத்த வீடு, ஒரே தொழிற்சாலை, ஒரே பிரட்டு என்பதே உறவு. அது எவ்வளவு பரவலாக இருந்ததென்றால், 1971-ல் இந்நாடு இதற்கென்று இயற்றிய தடைச்சட்டம் நம் தமிழ்ச் சொல்லையே தன் பெயரில் தாங்கியது: ‘கூட்டு’ நிதித் தடைச்சட்டம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வது அச்சட்டப்படி குற்றம்.

சட்டம் செய்தது முற்றும் தவறென்று நாம் சொல்லவில்லை. கூட்டுத் தலைவி பணத்தோடு மறைந்த கதைகள் எந்தக் குடியிருப்பில் இல்லை? எழுத்தில்லாத நம்பிக்கைக்கு அதுவே எல்லை. பன்னிரண்டு பேருக்குள் முகம் பார்த்து நம்பலாம். நூற்றிருபது பேரானால் ஏடு வேண்டும், தணிக்கை வேண்டும், மாற்றக்கூடிய நிருவாகம் வேண்டும். நமக்கு நம்பிக்கை இல்லாமற் போகவில்லை. அந்த நம்பிக்கையை முகத்திலிருந்து ஏட்டுக்கு மாற்றும் ஸ்தாபனம் இல்லாமற் போயிற்று.

மாற்ற முடியும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 1950-களில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று நீங்கியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாய்ப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பால்வெட்டும் தொழிலாளரிடம் சேர்த்து, 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் முதலில் வாங்கியது. துரைக்கு முன் கைகட்டி நின்றவன் தோட்டத்தின் பங்குக்காரனானான். எந்த ஜாதியென்று பங்குப் பத்திரத்தில் ஒரு வரி கிடையாது. அச்சங்கம் தொழிலாளியைப் பங்குதாரனாக்கியதோடு நின்றது, வியாபாரியாக்கவில்லை என்னும் குறை நமக்கு உண்டு. ஆயினும் ஈடில்லாத மக்களின் சிறு காசு ஒன்றுசேர்ந்து நிலமாக முடியும் என்று அது நிரூபித்தது.

அடுத்த முயற்சி வேறு வகையாய் முடிந்தது. 1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை பங்குடைமையை இனவாரியாகப் பிரித்துக் குறிவைத்தது. இந்தியரின் பங்கு 1970-லும் 1990-லும் 1 விழுக்காட்டை ஒட்டியே கிடந்தது. இக்குறையை நீக்க மலேசிய இந்தியக் காங்கிரசின் தலைமையில் 1982-ல் மைக்கா ஹோல்டிங்ஸ் தோன்றிற்று. ஏறக்குறைய 66,000 பேர் 106 மில்லியன் வெள்ளி கொடுத்தார்கள். நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கொடுத்தவர் உண்டு. 2010-ல், 28 ஆண்டு சென்றபின், வெளி நிறுவனமொன்று பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஒரு வெள்ளியாய்ப் போனது 80 சென்னாய்த் திரும்பிற்று. அதற்குள் போட்டவரில் பலர் இறந்துபோயினர். யார் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஒன்று மாத்திரம் வெளிப்படை. தலைவரை நம்பிப் பணம் கொடுத்த 66,000 பேருள் எத்தனை பேர் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள்? பங்குதாரர் என்பவன் கேள்வி கேட்கும் உரிமையுடையவன் என்று அவர்களுக்கு யார் கற்பித்தார்கள்? தோட்டத்தில் துரையிடம் பழகிய உறவே பட்டணத்தில் தலைவரிடமும் தொடர்ந்தது. பெயர் மாறிற்று, குனிவு மாறவில்லை.

இன்றைக்கும் அந்தக் குனிவு போயிற்றா? சிறுதொழில் செய்யும் இந்தியருக்கென்று தெக்குன் நிறுவனத்தின் வழியாகக் கடன் திட்டம் இருக்கிறது. வேறு உதவிகளும் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. நம் இளைஞன் முதலில் கேட்பது விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டுமென்பதன்று; யாருடைய சிபாரிசு வேண்டுமென்பதே. சிபாரிசு என்பது தலைக்காசின் மறுபிறப்பு. கொடுப்பவருக்குத் தம்மைச் சூழ்ந்து ஆள் இருக்க வேண்டும். வாங்கியவன் சொந்தக் காலில் நின்றுவிட்டால் அவர் வாசலில் கூட்டம் குறையும். 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நம் தலைவர்கள் அதற்கும் ஒரு மகஜர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மண்டலத்துக்குள் சரக்கு கொண்டுபோகவும், உணவு சமைத்து வழங்கவும், பழைய இரும்பு எடுக்கவும், இயந்திரம் பழுதுபார்க்கவும் ஆயிரம் சிறு ஒப்பந்தங்கள் பிறக்கும். அவை மகஜர் எழுதினவனுக்குக் கிடைக்கமாட்டா. மூன்றாண்டுக் கணக்கும் பதிவுச் சான்றும் காட்டுகிறவனுக்குக் கிடைக்கும்.

சுயமரியாதைக்காரர்கள் மீதும் நமக்கு ஒரு வார்த்தை உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றது முதல், கோ. சாரங்கபாணி 1935-ல் தமிழ் முரசைத் தொடங்கிப் பல்லாண்டு போராடியது வரைக்கும், ஆடம்பரக் கலியாணத்தையும் மூடச் சடங்கையும் விடுங்கள், காசு மிச்சமாகும் என்று இயக்கத்தார் ஓயாமல் சொன்னார்கள். கேட்டவர்கள் மிச்சமும் செய்தார்கள். மிச்சமான காசு எங்கே போக வேண்டுமென்று சொன்னவர் சிலரே. போக இடமில்லாத காசு திரும்பவும் பந்தலுக்கும் வாணவேடிக்கைக்குமே போயிற்று.

ஜொகூரில் கோயில் இல்லாத தமிழர் குடியிருப்பு அரிது. திருவிழாவுக்கு வசூலிக்கவும், பொறுப்புப் பிரித்துக் கொடுக்கவும், ஆயிரம் பேருக்குச் சமைத்துப் போடவும் நம்மவருக்கு நன்றாகத் தெரிகிறது. அந்தத் திறமைக்குப் பெயர்தான் வியாபாரத் திறமை, வேறொன்றுமில்லை. அதே நிருவாகக் குழுவினர், அதே ஐம்பது குடும்பத்தார், கூட்டு கட்டும் அதே பெண்மக்களை முன்னிறுத்தி, மலேசியக் கூட்டுறவு ஆணையத்தில் பதிந்து ஒரு கடன் சங்கம் வைக்கத் தடையென்ன? அவ்வூரில் கடை வைத்திருப்பவர் ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளை, இன்னார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல், பெட்டியடியில் உட்கார்த்திக் கணக்குக் கற்பித்து, ஐந்தாண்டு உழைத்தவனுக்கு இவ்வளவு பங்கு என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துபோம்?

தடை எதுவென்று நமக்குத் தெரியும். பதிந்தால் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டினால் கடந்த ஆண்டுகளின் கணக்கையும் கேட்பார்கள். பிள்ளைகளுக்குப் பங்கு கொடுத்தால், அவர்கள் நாளைக்கு எதிர்க்கடை வைப்பார்கள். “தமிழனுக்கு வியாபாரம் வராது” என்னும் வசனத்தை ஓயாமல் சொல்லுகிறவர்களில் பலர் இந்தக் கணக்குக்கும் அந்த எதிர்க்கடைக்கும் அஞ்சுகிறவர்களே. வருகின்ற ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, வரவுசெலவு ஏட்டை மேசைமேல் வைக்கும்படியும், கடன் சங்கத்துக்கு ஒரு தீர்மானம் போடும்படியும் கேட்கட்டும். அப்போது முதலில் எழுந்து, “இதெல்லாம் நம்மவருக்குச் சரிப்படாது” என்று சொல்லுகிறவர் யார், அவர் கையில் எந்தப் பெட்டியின் சாவி இருக்கிறது என்பதை நேயர்கள் குறித்துக்கொண்டு நமக்கு எழுதுவார்களாக.